சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்

(வானொலி மறையுரை: திருவருகைக் காலம்)



நம் தெருக்களில் கார்த்திகை அகல்கள் எரிந்து ஓய்ந்த நேரம் இது. நம் வீடுகளில் நட்சத்திரம் கட்டத் தொடங்கிவிட்டோம். ஆலயத்தில் திருவருகை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுதிரியாக ஏற்றி வருகிறோம். ஏறக்குறைய இதே நாள்களில் உலகெங்கும் உள்ள யூத மக்களும் தங்கள் வீடுகளில் விளக்கு ஏற்றுகிறார்கள். எட்டு நாள் நடக்கும் அந்த விழாவின் பெயர் ஹனுக்கா. ‘அர்ப்பணம்’ என்பது அந்தச் சொல்லின் பொருள்.

யூதர்களின் விழாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் கோவில் அர்ப்பண விழா நடந்தது என்றும், அப்போது குளிர்காலம் என்றும், இயேசு சாலமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்றும் யோவான் எழுதுகிறார். அந்த விழாதான் ஹனுக்கா. நம் ஆண்டவர் அந்த விழா நாளில் கோவிலில் இருந்தார். ஆகவே நாம் இன்று பேசப்போவது அந்நியருடைய விழாவைப் பற்றி அல்ல, இயேசுவும் மரியாவும் யோசேப்பும் அறிந்திருந்த விழாவைப் பற்றி.

அந்த விழா எப்படி வந்தது? கிறிஸ்து பிறப்பதற்கு 167 ஆண்டுகளுக்கு முன், அந்தியோக்கு எப்பிபான் என்ற கிரேக்க மன்னன் யூத மக்களை அவர்களுடைய வேதத்தைக் கைவிடச் சொன்னான். ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பது குற்றமாயிற்று. குழந்தைக்கு விருத்தசேதனம் செய்த தாய்மார் கொல்லப்பட்டார்கள். எருசலேம் கோவிலில் பிற தெய்வத்துக்குப் பலி செலுத்தப்பட்டது. மோதயின் என்ற சிற்றூரில் மத்தத்தியா என்னும் முதிய குருவும் அவருடைய ஐந்து மகன்களும் எதிர்த்து எழுந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மகன்களில் ஒருவரான யூதா மக்கபேயும் அவருடைய சகோதரர்களும் கோவிலைத் தூய்மைப்படுத்தி, கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் புதிய பலிபீடத்தை அர்ப்பணித்தார்கள். மக்கபேயர் முதல் நூல் 4ஆம் அதிகாரத்தில் இதை நாம் வாசிக்கிறோம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. மக்கபேயர் நூல்கள் யூதர்களின் எபிரேய வேதநூல் தொகுப்பில் இல்லை. நம் திருவிவிலியத்தில் இருக்கின்றன. நூலைத் திருஅவை காத்தது, விழாவை யூத மக்கள் காத்தார்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் காப்பாற்றித் தருவது மீட்பு வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எண்ணெயின் கதை மக்கபேயர் நூலில் இல்லை. அது யூத மறைநூல் வல்லுநர்கள் தொகுத்த தல்மூதில் வருகிறது. தீட்டுப்பட்ட கோவிலில் தேடியபோது, தலைமைக் குருவின் முத்திரை உடையாத ஒரேயொரு சிறு குப்பி எண்ணெய் கிடைத்தது. ஒரு நாளுக்குத்தான் அது போதும். ஆனால் எட்டு நாள் எரிந்தது. போரில் கிடைத்த வெற்றியைவிட இந்தச் சிறு குப்பியையே அந்த வல்லுநர்கள் முன்னே வைத்தார்கள். விழாவுக்குள் வரும் ஓய்வுநாளில் அவர்கள் தொழுகைக்கூடத்தில் வாசிப்பது போர்க்கதை அல்ல. விளக்குத்தண்டைக் காட்சியில் கண்ட இறைவாக்கினர் செக்கரியாவை வாசிக்கிறார்கள். மனித பலத்தால் அல்ல, கடவுளின் ஆவியால்தான் காரியம் நடக்கும் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அது. புனித நாட்டிலிருந்து வரும் செய்திகள் நம் நெஞ்சை வாட்டும் இந்தக் காலத்தில், அந்த வாசகம் எல்லாருக்கும் தேவை.

விளக்கை எப்படி ஏற்றுவது என்பதில் பழைய ஆசிரியர்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. முதல் நாள் எட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றனர் சம்மாய் வழியினர். முதல் நாள் ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும் என்றனர் இல்லேல் வழியினர். புனிதமான காரியத்தில் ஏறித்தான் போக வேண்டும், இறங்கக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இல்லேல் வழியே நிலைத்தது. நம் திருவருகை வளையத்திலும் ஒளி ஏறித்தான் போகிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. அந்த விளக்கின் ஒளியில் எந்த வேலையும் செய்யக் கூடாது. அந்த வெளிச்சத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது. அது பார்ப்பதற்கும் கடவுளுக்கு நன்றி சொல்வதற்கும் மட்டுமே. அதனால்தான் பக்கத்தில் ஒன்பதாவதாக ஒரு ‘ஊழிய விளக்கு’ வைக்கிறார்கள். விளக்கு எரியும் அந்த நேரத்தில் பெண்கள் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்வதும் பல சமூகங்களில் வழக்கம்.

அன்பார்ந்தவர்களே, நாடு நாடாகச் சிதறிய அந்த மக்கள் இந்த விழாவை அந்தந்த ஊர் அடுப்பில் சமைத்துக்கொண்டார்கள். எண்ணெயின் நினைவாக எண்ணெயில் பொரித்த பண்டம் என்பது பொது. போலந்து, ரஷ்யா பக்கத்தவர்களுக்கு உருளைக்கிழங்கு அடை. மொராக்கோவில் வட்டமாகச் சுட்ட மாவுப் பணியாரம். இஸ்ரயேலில் உள்ளே பழக்கூழ் வைத்த உருண்டை. நம் பக்கத்துக் கொச்சியில் நெய்யப்பம்! வட ஆப்பிரிக்காவில் விழாவின் ஒரு நாளை ‘பெண்மக்கள் விழா’ என்று கொண்டாடினார்கள். சிரியாவின் அலெப்போ நகரில், ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டு வந்த யூதர்களின் வழிவந்தோர் ஒவ்வொரு இரவும் ஒரு விளக்கை அதிகமாக ஏற்றுவது வழக்கம். தங்களை ஏற்றுக்கொண்ட ஊருக்கு நன்றியாக அந்தக் கூடுதல் விளக்கு என்று விளக்கம் சொல்வார்கள். வந்த இடத்துக்கு நன்றி சொல்ல ஒரு விளக்கு. எவ்வளவு அழகான பழக்கம்!

விளக்கை வாசலிலோ ஜன்னலிலோ தெருவில் போகிறவர் காணும்படி வைக்க வேண்டும் என்பது முறை. ஆனால் ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தால் போதும் என்று அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. அந்த மக்கள் எத்தனை ஆபத்துக் காலங்களைக் கண்டார்கள் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும். ஜெர்மனியின் கீல் நகரில் 1931ஆம் ஆண்டு, யூத குரு அகிபா போஸ்னரின் மனைவி ராகேல் தம் வீட்டு ஜன்னலில் விளக்கை வைத்துப் படம் எடுத்தார். எதிர்க் கட்டடத்தில் நாசிக் கொடி தொங்குகிறது. இருட்டும் ஒளியும் ஒரே படத்தில் இருக்கின்றன. அந்தக் குடும்பம் பிறகு நாட்டைவிட்டு வெளியேறியது. விளக்கு பத்திரமாக இருக்கிறது.

1993 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பில்லிங்ஸ் என்ற ஊரில் ஹனுக்கா விளக்கு வைத்திருந்த ஒரு வீட்டின் ஜன்னலில் கல் எறிந்தார்கள். அது ஒரு சிறுவனின் படுக்கையறை. அந்த ஊரில் யூதர்கள் மிகச் சிலரே. ஊர்ச் செய்தித்தாள் ஒரு முழுப்பக்கத்தில் அந்த விளக்கின் படத்தை அச்சிட்டது. ஆயிரக்கணக்கான கிறிஸ்தவக் குடும்பங்கள் அதைத் தங்கள் ஜன்னலில் ஒட்டின. இனி எந்த ஜன்னலில் கல் எறிவது?

இதெல்லாம் தூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். நம் ரயில் பாதையின் மறுமுனையான சென்னையிலேயே யூதர்கள் வாழ்ந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அந்தப் பெயர் பவள வணிகத்திலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வந்த யூத வணிகர்கள் பவளத்தைக் கொடுத்துக் கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் யூதர்களும் இருந்தனர். லாயிட்ஸ் சாலையில் சில கல்லறைகள் மட்டும் இன்று மிச்சம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அந்த மக்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கொல்கத்தாவின் யூதத் தொழுகைக்கூடங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர்.

ஆனால் இன்று நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவர்கள் மும்பைக்குத் தெற்கே, கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த யூதர்கள். ‘பெனே இஸ்ரயேல்’, அதாவது இஸ்ரயேலின் மக்கள் என்பது அவர்கள் பெயர். அவர்களுடைய மரபு இப்படிச் சொல்கிறது: அந்தியோக்கு மன்னனின் கொடுமைக்குத் தப்பி முன்னோர்கள் கப்பலேறினார்கள். அலிபாக் அருகே நவ்காவ் என்ற ஊர்க்கரையில் கப்பல் உடைந்தது. ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள். புத்தகங்கள் கடலோடு போயின. எபிரேய மொழி நாளடைவில் மறந்துபோயிற்று. மராத்தி பேசினார்கள், மராத்திப் பெண்களைப் போலவே சேலை உடுத்தினார்கள், ஊர்ப்பெயரையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள்.

பிழைப்புக்கு அவர்கள் எடுத்த தொழில் செக்காட்டுவது. ஊரில் மற்ற எண்ணெய்க்காரர்களும் இருந்தார்கள். இவர்களோ சனிக்கிழமை செக்கை ஓட்டமாட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். ஏன் என்று விளக்க அவர்களிடம் நூலில்லை, குருவில்லை. அப்பா செய்தார், தாத்தா செய்தார், நாங்களும் செய்கிறோம். அவ்வளவுதான். அதனால் ஊரார் அவர்களுக்கு ‘சனிவார் தேலி’ என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்!

சகோதரமே, கவனியுங்கள். ஹனுக்கா எண்ணெயின் விழா. இவர்கள் எண்ணெய் ஆட்டுகிறவர்கள். ஆனால் ஹனுக்கா விழா இவர்களுக்குத் தெரியாது! கோவில் மீண்டும் அர்ப்பணிக்கப்படும் முன்னரே எங்கள் முன்னோர்கள் புறப்பட்டுவிட்டார்கள், அதனால்தான் தெரியவில்லை என்று அவர்களே பிற்காலத்தில் காரணம் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வரலாற்றிலும் இந்தக் கருத்தைக் காண்கிறோம்.

எல்லாம் போயும் அவர்களிடம் மிஞ்சியவை சில. ஓய்வுநாள், எட்டாம் நாள் விருத்தசேதனம், உணவுச் சட்டம், கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஒரு சிறு செபம். பிறப்பிலும் திருமணத்திலும் சாவிலும் அந்த ஒரே செபத்தைத்தான் சொன்னார்கள். வேறு செபம் தெரியாது. அந்த ஒன்றை விடவில்லை.

தாவீது ரகாபி என்ற யூதர் ஒருவர் அவர்களிடம் வந்ததாக மரபு சொல்கிறது. இவர்கள் உண்மையில் யூதர்கள்தானா என்று அறிய, பலவகை மீன்களை வாங்கி வந்து பெண்களிடம் சமைக்கக் கொடுத்தாராம். அவர்கள் செதிலும் துடுப்பும் உள்ள மீனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டார்கள். லேவியர் நூலின் சட்டம் அது. நூலைக் கண்ணால் காணாத அந்தப் பெண்களின் கை அதை அறிந்திருந்தது. “இவர்கள் நம்மவர்” என்று அவர் கண்டுகொண்டார். பழவேற்காட்டிலும் காட்டுப்பள்ளியிலும் மீன் ஆய்கிற நம் தாய்மார்களுக்கு இந்தக் கதையின் அருமை நன்றாகவே புரியும். பெரிய மறைக்கல்வி எதுவும் கற்காத ஓர் அம்மாவின் கைப்பழக்கம் ஒரு சமூகத்தின் விசுவாசத்தையே காப்பாற்றிவிடுகிறது.

அதன்பின் அவர்களுக்குப் போதிக்கக் கொச்சி யூதர்கள் கொங்கணத்துக்குப் போனார்கள். மராத்தியில் திருவிவிலியம் கொடுத்தவர்கள் கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள். கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் 1796இல் மும்பையில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டினார். மறந்துபோன விழா, பிறர் கையால் திரும்பி வந்தது. எண்ணெய்க்காரர்களின் பிள்ளைகள் கடைசியில் எண்ணெயின் விழாவைக் கொண்டாடினார்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நாரிமன் இல்லத்தில் இருந்த யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே ஹனுக்கா வந்தது. அந்த ஆண்டும் மும்பையில் விளக்கு ஏற்றினார்கள், இந்தியாவின் நுழைவாயில் என்ற அந்தக் கடற்கரை வளைவுக்கு முன்னால், எல்லாரும் காணும்படியாக.

அன்பார்ந்தவர்களே, இப்போது நம் பகுதிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்க்கண்டிகையிலும், திருவள்ளூர் காக்களூரிலும் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. அந்த விளக்குகள் எல்லாமே வேலைக்காக எரிகின்றன. உருக்காலையின் உலைக்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் தெரியாது. அப்பா இரவு ஷிப்ட் முடித்து வரும்போது அம்மா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இருவரையும் சேர்த்துப் பார்ப்பது எப்போது? முழங்காலிட்டுச் செபமாலை சொன்ன குடும்பத்தில் இன்று அவரவர் கைபேசி அவரவருக்கு. ஞாயிறு திருப்பலிக்கு வராதவர்களை நாம் எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை நமக்குத் தெரியாததா? ஒரு ஞாயிறு வரவில்லை என்றால், மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். வேலையை விட்டுவிடு என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் வீட்டு அடுப்பை நாமா எரிக்கிறோம்?

ஆகவே மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, ஒன்றையாவது விடாமல் பிடித்துக்கொள்வோம். எல்லாவற்றையும் செய்ய முடியாத வாழ்க்கை இது. பெனே இஸ்ரயேல் மக்களாலும் எல்லாவற்றையும் காக்க முடியவில்லை. ஒரு நாளையும் ஒரு செபத்தையும் காத்தார்கள். நாம் எதைக் காக்கப்போகிறோம்? இந்தத் திருவருகைக் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் அதை முடிவு செய்யட்டும். குடும்பமாக ஒரு ‘பரலோகத்தில் இருக்கிற’ செபமாக இருக்கலாம். ஷிப்ட் மாறும் அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு மெழுகுதிரியாக இருக்கலாம். அந்த ஒளியில் வேலை இல்லை, கைபேசி இல்லை, சமையல் இல்லை. அம்மாவும் உட்காரட்டும். முதல் வாரம் ஒரு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள் என்று ஏறிப்போகட்டும். இறங்க வேண்டாம்.

இரண்டாவது, வேலை அட்டவணை போடுகிற கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மக்களிலும் மேற்பார்வையாளர்கள், ஒப்பந்ததாரர்கள், சிறு பட்டறை முதலாளிகள் இருக்கிறார்கள். அந்த எண்ணெய்க்காரர்கள் செக்கை நிறுத்தியபோது மாடும் ஓய்ந்தது. ஓய்வுநாள் கட்டளையே அப்படித்தான் சொல்கிறது: உனக்கு மட்டுமல்ல, உன் பணியாளருக்கும், உன் மாட்டுக்கும், உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியருக்கும் அது பொருந்தும். தன் பணியாளரை ஏழு நாளும் வேலைவாங்கிவிட்டுத் தான் மட்டும் ஞாயிறு பூசைக்கு வருவது ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பது ஆகாது. ஞாயிறு முடியாவிட்டால் வாரத்தில் வேறொரு நாளையாவது கொடுங்கள். முறைவைத்துக் கொடுங்கள்.

மூன்றாவது, விழாவை இழந்து நிற்பவர்களுக்கு நாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பூசை எந்த ஆலயத்தில், எத்தனை மணிக்கு என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. தமிழ் மறையுரை அவர்களுக்குப் புரிவதில்லை. கொச்சி யூதர்கள் கொங்கணத்துக்குப் போனதுபோல நாம் அந்தக் கொட்டகைகளுக்குப் போக வேண்டும். கிறிஸ்மஸ் திருப்பலி நேரத்தை இந்தியில் எழுதி ஒட்டுங்கள். கூடி வரும்போது ஒரு வாசகத்தையாவது அவர்கள் மொழியில் வாசிக்கவிடுங்கள். அன்பியக் குழுக்கள் ஆளுக்கு இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடட்டும். கும்மிடிப்பூண்டி முகாமில் பல ஆண்டுகளாக வாழும் நம் இலங்கைத் தமிழ்ச் சகோதரர்களை இதற்குத் துணைக்கு அழையுங்கள். வீட்டை விட்டு வந்த இடத்தில் விழா கொண்டாடுவது எப்படிப்பட்டது என்று நமக்குக் கற்றுத்தர அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

இறுதியாக ஒன்று. தீட்டுப்பட்ட பழைய பலிபீடத்தின் கற்களை என்ன செய்வது என்று யூதா மக்கபேயின் குருக்களுக்குத் தெரியவில்லை. ஓர் இறைவாக்கினர் வந்து சொல்லும்வரை அவற்றைக் கோவில் மலையில் ஒரு தகுந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். அந்தக் காத்திருப்பின் நடுவேதான், ஒரு குளிர்கால விழா நாளில், இயேசு அந்தக் கோவிலுக்கு வந்தார். தந்தையே அர்ப்பணித்து உலகுக்கு அனுப்பியவர் தாமே என்று அங்கே வெளிப்படுத்தினார். நம் வீடுகளிலும் உடைந்து ஒதுக்கிவைத்த கற்கள் உண்டு. நின்றுபோன செபங்கள், பேச்சற்றுப்போன உறவுகள், பல ஆண்டுகளாகச் செய்யாத ஒப்புரவு. அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். அவர் வருகிறார். ஒரு சிறு குப்பி எண்ணெய் போதும் அவருக்கு.

செபிப்போம். ஆண்டவரே, உம் விளக்கை அணையாமல் காத்த எல்லா மக்களுக்காகவும் உமக்கு நன்றி கூறுகிறோம். இரவு ஷிப்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். எங்கள் வீடுகளில் வேலைக்காக அல்லாமல், உமக்காக எரியும் ஒரு விளக்கு இருக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக. ஆமென்.